பார்வையற்ற மாணவருக்குக் கணக்கு நோட்ஸ்: பிடிஎஃப் போதுமா, எச்டிஎம்எல் வேண்டுமா?

நாஞ்சில்_கணக்கு

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். நோட்ஸ் எல்லாம் லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரலில்தான். விளக்கம் தமிழில், சூத்திரங்கள் எப்போதும்போல. அதன் ஒரு வகையான ஸீலேடெக்கில் ஓட்டி பிடிஎஃப் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன், பிள்ளைகள் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்வார்கள்.

இந்த வருடம் முதலாமாண்டில் முழுப் பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். நல்ல கெட்டிக்காரர், வகுப்பில் வாயால் சொன்னால் கணக்கை மனசிலேயே போட்டு விடை சொல்லிவிடுகிறார். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் நிரல்களாகப் போனில் டாக்பேக், வீட்டில் லேப்டாப்பில் என்விடிஏ வைத்திருக்கிறார். என் பிடிஎஃப்பை அவர் திறந்து எனக்கும் கேட்கும்படி ஓட்டிக் காட்டினார். தமிழ் அங்கங்கே சிதைந்து வருகிறது. கணக்கு வந்துவிட்டால் அதுவும் இல்லை. மேலே எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே எக்ஸ் வர்க்கம் கழித்தல் நான்கு என்று ஒரு பின்னம் இருந்தது. "எக்ஸ் பிளஸ் ஒன் எக்ஸ் டூ மைனஸ் ஃபோர்" என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போகிறது. இது பின்னம் என்றோ, அந்த இரண்டு அடுக்கு என்றோ காதால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்? தொகையீட்டுக் குறி வரும் இடத்தில் "இசட்" என்கிறது!

இவருக்கு எந்த வடிவத்தில் கொடுப்பது சரி? பிடிஎஃப்பையே சரிசெய்ய முடியுமா, இல்லை வேர்டு, இணையப் பக்க வடிவமான எச்டிஎம்எல், மின்னூல் வடிவமான ஈபப் என்று வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இப்போதே செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

காதால்_படிப்பவன்

சார், நான் தக்கலைக்காரன், பார்வை இல்லை, பட்டப்படிப்பு முழுவதையும் திரைவாசிப்பானில்தான் படித்தேன். உங்கள் மாணவர் சொன்னதை வரிக்கு வரி நான் அனுபவித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சாதாரண பிடிஎஃப்பில் இருப்பது, தாளில் எந்த எழுத்து வடிவம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான். பின்னக் கோடு உங்களுக்குக் கணக்கின் ஒரு பகுதி. பிடிஎஃப்புக்கு அது தாளில் வரைந்த கோடு, எழுத்தே கிடையாது, ஆகவே வாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். தலைப்பும் அப்படித்தான், பெரிதாகத் தெரியும் நாலு எழுத்து, அவ்வளவுதான். நான் என்விடிஏவில் ஹெச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போக வேண்டும், உங்கள் கோப்பில் அழுத்தினால் அடுத்த தலைப்பு இல்லை என்று சொல்லும். அறுபது பக்க நோட்ஸில் நாலாவது அத்தியாயத்தைத் தேட முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். கண்ணால் படிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டி ஒரு நொடியில் செய்கிற வேலை இது.

தமிழ் ஏன் சிதைகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் எல்லாம் மெய்க்கு முன்னால் தெரிகிறவை, ஆனால் எழுத்துகளுக்குப் பொதுவான எண் தரும் யுனிகோட் முறையில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறவை. பிடிஎஃப்புக்குள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே போய் உட்கார்ந்துவிடும். நம் கொல்லங்கோட்டை எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், "ெகால்லங்ேகாடு" என்று வரும். கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக. இதைப் பேச்சு எந்திரம் எப்படி வாசிக்கும்? தேங்காய்ப்பட்டணம், கொட்டாரம், பேச்சிப்பாறை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் நான் தட்டச்சு செய்யும் வரிசை வேறு, உள்ளே கிடக்கும் வரிசை வேறு.

என் பதில் ஒற்றை வரியில்: எச்டிஎம்எல் கொடுங்கள், கணக்கை, அதன் அமைப்பைச் சொல்லும் குறிமொழியான மேத்எம்எல் ஆகக் கொடுங்கள்.

மார்த்தாண்டம்_டிடிபி

நான் வருடக்கணக்காக டிடிபி சென்டர் நடத்துகிறவன். சபை மலர், கல்யாணக் கார்டு, பள்ளி ஆண்டுமலர் என்று எல்லாம் செய்கிறோம். பிடிஎஃப்பை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். வேர்டில் கொடுத்தால் அடுத்தவர் கணினியில் ஃபாண்ட் இல்லாமல் கட்டம் கட்டமாக நிற்கும், பக்கம் மாறும், அட்டவணை ஓடிப்போகும். பிடிஎஃப் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், அதற்காகத்தானே அது வந்தது. எங்கள் கோப்புகள் இன்றும் பேஜ்மேக்கரில்தான், ஃபாண்ட் பாமினி. பிரஸ்ஸில் ஒரு தொல்லையும் இல்லை.

காதால்_படிப்பவன்

அண்ணாச்சி, அச்சுக்கு அது சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் கேட்பது காதுக்கு. பாமினியில் நீங்கள் "தமிழ்" என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், ஜே கே பி ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. ஃபாண்ட் அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. என் வாசிப்பானுக்கு ஃபாண்ட் தெரியாது, எழுத்தின் எண் மட்டும்தான் தெரியும், அதனால் "ஜே கே பி ஓ" என்றுதான் படிக்கிறது. ஒரு ஆண்டுமலர் முழுவதும் இப்படி வந்தால் அதில் என் பெயரே இருந்தாலும் எனக்குத் தெரியாது. நீங்கள் பேஜ்மேக்கரிலேயே இருங்கள், ஆனால் உரையை யுனிகோடுக்கு மாற்றி ஒரு நகல் தனியாக வையுங்கள். மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வேளிமலை

திருவனந்தபுரத்தில் ஆய்விதழ்களுக்குப் பக்கம் கோக்கும் வேலையில் நெடுநாள் இருந்தவன் நான், காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்பிய கூட்டத்தில் ஒருவன். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த வேலையில் இருந்தார்கள், இருக்கிறார்கள். லேடெக்குக்கு அடிப்படையான டெக் நிரலின் பயனர் குழு நடத்தும் உலக மாநாடே 2002 இலும் 2011 இலும் அங்கே நடந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

கணினி அறிஞர் கனூத் 1978 இல் டெக்கை வெளியிட்டபோது அவருக்கு வேண்டியிருந்தது அழகான அச்சுப் பக்கம். எந்த எழுத்து எங்கே நிற்கும் என்பதை மயிரிழை பிசகாமல் கணக்கிட்டு எழுதிவைப்பதுதான் நிரலின் வேலை. உங்கள் மூலக் கோப்பில் "செக்ஷன்" என்று கட்டளை இருக்கிறது, "தேற்றம்" என்று சூழல் இருக்கிறது, பின்னத்துக்கு மேல் எது கீழ் எது என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். அதாவது மாணவருக்கு வேண்டிய தகவல் மொத்தமும் உங்கள் கையிலேயே இருக்கிறது. பிடிஎஃப் ஆகும்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டு மையின் இடத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். சொற்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகூட டெக் எடுக்கும் பிடிஎஃப்பில் எழுத்தாக இருப்பதில்லை, அடுத்த சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது, அவ்வளவே. வாசிக்கும் மென்பொருள் இந்த இடைவெளியைப் பார்த்துச் சொல் முடிந்திருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் இரண்டு சொல் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் ஒரு சொல் இரண்டாகும். தமிழில் வரி முடிவில் கோடு போடாமலே நீளச் சொற்களை உடைக்கிறோம், அதனால் "விவசாயி" ஒரு வரியிலும் "களுக்கு" அடுத்த வரியிலும் கிடந்தால் காதுக்கு அவை இரண்டு சொற்கள்.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. லேடெக் குழு சில ஆண்டுகளாக டேக் செய்த, அதாவது எது தலைப்பு எது பத்தி என்ற குறிகள் கொண்ட, பிடிஎஃப்புக்காகவே உழைக்கிறது. டாகுமென்ட்கிளாஸ் வரிக்கும் மேலே டாகுமென்ட்மெட்டாடேட்டா என்று ஒரு கட்டளை கொடுத்து, மொழி தமிழ், டேகிங் ஆன் என்று சொன்னால் தலைப்பு, பத்தி, பட்டியல் எல்லாம் அமைப்போடு பிடிஎஃப்புக்குள் போகும். இதற்கு ஸீலேடெக்கை விட்டு, லேடெக்கின் இன்னொரு வகையான லுவாலேடெக்குக்கு வர வேண்டும், மேம்பாடு நடப்பது அங்கேதான். டெக் லைவ் தொகுப்பின் 2020 பதிப்பு முதல் லுவாலேடெக்கில், எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் சேர்ந்தே வருகிறது, எழுத்துருவை ஏற்றும் இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேரும். ஸீலேடெக்கிலேயே இருந்தாக வேண்டும் என்றால் குறைந்தபட்சம் "ஜெனரேட் ஆக்சுவல்டெக்ஸ்ட்" என்ற அளவுருவை ஒன்று ஆக்குங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் சரியான யுனிகோட் வரிசை மறைவாகப் போய்ச் சேரும், மேலே சொன்ன கொல்லங்கோட்டுத் தொல்லை பெருமளவு தீரும். ஒரே ஒரு வரிதான், இன்றைக்கே செய்யலாம்.

கணக்குக்குத் தம்பி சொன்னதுதான் சரி, எச்டிஎம்எல். ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் ஆர்க்கைவ் தளமே 2023 டிசம்பர் முதல் புதிய கட்டுரைகளை எச்டிஎம்எல்லாகவும் தருகிறது, லேடெக்எம்எல் என்ற கருவியை வைத்து. குரோம் உலாவி மேத்எம்எல்லை 2023 ஜனவரியில் வந்த 109 ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது, ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் முன்பே உண்டு. ஆகவே உலாவி பிரச்சினையும் இல்லை.

முப்பந்தல்_காற்று

லேடெக் என்றே ஏன் நிற்க வேண்டும்? லேடெக்குக்கு மாற்றான டைப்ஸ்ட் நிரலின் 0.14 பதிப்பு 2025 அக்டோபரில் வந்தது, அதில் எடுக்கும் பிடிஎஃப்புக்கு டேக் தானாகவே வருகிறது, நாம் எதையும் திறந்துவிட வேண்டியதில்லை. அணுகத்தக்க பிடிஎஃப்புக்கான பிடிஎஃப்/யுஏ தரத்தில் எடு என்று சொன்னால், சமன்பாட்டுக்கு மாற்றுரை, அதாவது அதைச் சொல்லால் விளக்கும் வரி, இல்லாவிட்டால் பிழை காட்டி நிறுத்திவிடும். எழுதுகிறவரைக் கட்டாயப்படுத்துகிற இந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வேளிமலை

நல்ல கருவிதான், புதிதாகத் தொடங்குகிறவர் தாராளமாக எடுக்கலாம். ஆனால் எச்டிஎம்எல் பக்கம் இன்னும் சோதனை நிலையில்தான் வைத்திருக்கிறார்கள். சாருக்கு ஏற்கெனவே பல வருட நோட்ஸ் லேடெக்கில் இருக்கிறது, செமஸ்டர் நடுவில் அத்தனையையும் மாற்றி எழுதச் சொல்ல எனக்கு மனசு வராது. தவிர, பிடிஎஃப்பில் சமன்பாட்டுக்கு மாற்றுரை கொடுத்தால் அது முழுதாக ஒரே வாக்கியமாக ஓடும், மாணவர் அதற்குள் நுழைந்து தொகுதியை மட்டும், பகுதியை மட்டும் என்று நடக்க முடியாது. மேத்எம்எல்லில் முடியும்.

காதால்_படிப்பவன்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைத்தேன், அண்ணன் சொல்லிவிட்டார். என்விடிஏவில் மேத்கேட் என்ற துணைநிரலைப் போட்டிருக்கிறேன். பின்னம் வந்தால் "ஃப்ராக்ஷன்" என்று தொடங்கி மேல் பாகம், "ஓவர்", கீழ் பாகம், "எண்ட் ஃப்ராக்ஷன்" என்று சொல்லும். நீளமான சமன்பாடாக இருந்தால் உள்ளே இறங்கி அம்புக்குறி விசையால் ஒவ்வொரு உறுப்பாக நகர்வேன், வேண்டுமானால் ஒரு அடைப்புக்குறிக்குள் மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றி வருவேன். கணக்குப் போடுவது என்றால் அதுதானே சார், முழுச் சமன்பாட்டையும் மனப்பாடம் ஒப்பிப்பதா? பிரெய்ல் காட்டி வைத்திருப்பவருக்கு அதே மேத்எம்எல்லை நெமத் என்ற பிரெய்ல் கணித முறையில் விரலுக்கும் தந்துவிடும்.

ஒழுகினசேரி_வாசகன்

பிடிஎஃப்/யுஏ என்று ஐஎஸ்ஓ தரமே இருக்கிறதே, 2012 இலேயே வந்தது, 2024 இல் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. சரிபார்க்கும் நிரலில் போட்டு பச்சை வந்தால் வேலை முடிந்தது. கோப்பை இரண்டாகப் பிரித்து ஏன் இரட்டை வேலை பார்க்க வேண்டும்?

வேளிமலை

பச்சை வந்தால் முடிந்தது என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அந்தத் தரத்தைச் சோதிக்க மேட்டர்ஹார்ன் நெறிமுறை என்று ஒன்று உண்டு, அதில் 136 தவறு நிலைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், அவற்றில் கணிசமானவை மனிதர் பார்த்தே முடிவு செய்ய வேண்டியவை என்று அதிலேயே போட்டிருக்கிறது. படத்துக்கு மாற்றுரை இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். அந்த மாற்றுரை "படம் 3" என்று மொட்டையாக இருந்தாலும் பச்சைதான். வாசிப்பு வரிசை குழம்பியிருந்தாலும், உள்ளடக்கம் ஏதோ ஒரு டேகுக்குள் இருந்தால் பச்சைதான்.

இரட்டை வேலை என்பதும் சரியில்லை. மூலம் ஒன்று, வெளியீடு இரண்டு, இரண்டையும் எந்திரம்தான் எடுக்கிறது. நாங்கள் வேலை பார்த்த இடத்தில் கட்டுரையை முதலில் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் ஆக்கிவிட்டு அதிலிருந்து அச்சு பிடிஎஃப், இணையப் பக்கம், ஈபப் மூன்றையும் எடுப்போம். ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஆப்பமும் என்று நடந்த வேலை அது. திருத்தம் வந்தால் மூலத்தில் மட்டும் கை வைப்போம். ஐரோப்பாவின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அமலுக்கு வந்து மின்னூல்களும் அதற்குள் வந்த பிறகு, அங்கத்திய பதிப்பாளர்கள் இந்த முறையைத் தட்டிக்கழிக்க முடியாது.

பிடிஎஃப் 2.0 இல் மேத்எம்எல்லையே உள்ளே பதித்து வைக்க வழி இருக்கிறது, லேடெக் குழு அதையும் செய்கிறது. ஆனால் திறக்கும் மென்பொருளும் திரைவாசிப்பானும் சேர்ந்து ஒத்துழைத்தால்தான் பலன், போனில் அதை நம்பி மாணவரை விட முடியாது. இன்றைக்குக் கையில் கொடுக்க எச்டிஎம்எல், நாளைக்காக டேக் செய்த பிடிஎஃப். என் கருத்து இதுதான்.

குளச்சல்_டீச்சர்

நான் பள்ளி ஆசிரியை. எங்களிடம் முழுப் பார்வையற்றவர்களைவிடக் குறைபார்வைப் பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் போனில் பிடிஎஃப்பைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கிறது, வரி மாறும்போது எந்த வரியில் இருந்தோம் என்பதே தொலைந்துவிடுகிறது. எச்டிஎம்எல்லும் ஈபப்பும் திரை அகலத்துக்கு மடங்கிக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்புலத்தைக் கறுப்பாக்கலாம். பார்வை உள்ள பிள்ளைகளும் பஸ்ஸில் படிக்க அதைத்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்று, மொழிக் குறி. நம் மாவட்டத்தில் இது ரொம்ப முக்கியம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம், விளவங்கோடு பக்கம் இன்றும் மலையாளம் பேசும் வீடுகள் உண்டு, வரலாற்று நோட்ஸில் பழைய ஆவணத்திலிருந்து நாலு வரி மலையாளத்தில் வரும், நடுவில் ஆங்கிலமும் வரும். எச்டிஎம்எல்லில் அந்தந்தப் பகுதிக்கு இது தமிழ், இது மலையாளம், இது ஆங்கிலம் என்று குறித்துவிட்டால் என்விடிஏ குரலையே மாற்றிக்கொள்ளும். குறிக்காவிட்டால் ஒரே குரல் எல்லாவற்றையும் வாசிக்கப் பார்க்கும், மலையாள வரியைச் சில குரல்கள் சத்தமே இல்லாமல் தாண்டிப்போகும். கேட்கிற பிள்ளைக்கு அங்கே ஒரு வரி இருந்ததே தெரியாது.

மார்த்தாண்டம்_டிடிபி

டீச்சர் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. சரி, வேர்டிலிருந்து பிடிஎஃப் எடுக்கும்போது பிரிண்ட் டு பிடிஎஃப் போடுவதற்கும் சேவ் ஆஸ் போடுவதற்கும் வித்தியாசம் உண்டா?

வேளிமலை

நிறைய உண்டு அண்ணாச்சி. பிரிண்ட் வழியாகப் போனால் அமைப்பு எல்லாம் போய்விடும், தாளுக்குப் போவதாக நினைத்து மையின் இடத்தை மட்டும் எழுதும். சேவ் ஆஸ் அல்லது எக்ஸ்போர்ட் வழியாகப் போனால் டேக் சேர்ந்து வரும். லிப்ரேஆபிஸில் எக்ஸ்போர்ட் பெட்டியில் பிடிஎஃப்/யுஏ என்றே ஒரு தெரிவு இருக்கிறது. ஆனால் தலைப்பை ஹெட்டிங் ஸ்டைலில் வைத்திருக்க வேண்டும். வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கி போல்டு போட்டிருந்தால் எந்த எக்ஸ்போர்ட்டாலும் அதைத் தலைப்பு என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒழுகினசேரி_வாசகன்

பதிப்புரிமை உள்ள பாடப்புத்தகத்தை இப்படி மாற்றிக் கொடுத்தால் சட்டச் சிக்கல் வராதா?

குளச்சல்_டீச்சர்

வராது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் கொண்டுவந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக, லாப நோக்கம் இல்லாமல் அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்களை அணுகத்தக்க வடிவில் கிடைக்கச் செய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014 இல் உலகிலேயே முதலாவதாக ஏற்றுக்கொண்டதும் இந்தியாதான். 2016 இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது. மாணவர் கேட்டால் கருணையாகச் செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம், அது அவருடைய உரிமை.

நாஞ்சில்_கணக்கு

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் பாண்டாக் என்ற வடிவமாற்றி நிரலில் எச்டிஎம்எல் ஆக்கினேன், மேத்எம்எல் தெரிவோடு. தமிழ் ஒரு எழுத்தும் சிதையவில்லை, நான் அடித்த யுனிகோட் அப்படியே வந்துவிட்டது. காலையில் மாணவரிடம் கொடுத்தேன். தலைப்புத் தலைப்பாகத் தாவிப் போய், பின்னத்துக்குள் இறங்கி, பகுதியைக் காரணிப்படுத்தலாமே சார் என்று அவரே சொன்னார். வகுப்பில் இவர் கேட்கும் கேள்விகள் இனி மாறப்போகின்றன என்று அப்போதே தெரிந்தது.

மூன்று இடத்தில் தட்டுகிறது. சமன்பாட்டு எண்கள் வரவில்லை, "சமன்பாடு 2.4 இன்படி" என்று நான் எழுதிய இடங்கள் அந்தரத்தில் நிற்கின்றன. டிக்ஸ் நிரலில் வரைந்த படங்கள் ஒன்றும் வரவில்லை. அட்டவணைகள் வந்திருக்கின்றன, ஆனால் எண்கள் எந்தத் தலைப்பின் கீழ் என்று புரியவில்லை என்கிறார்.

வேளிமலை

பாண்டாக் சமன்பாட்டுக்கு எண் போடாது. இரண்டு வழி. லேடெக்எம்எல்லில் ஓட்டுங்கள், எண்ணும் இணைப்பும் சேர்ந்து வரும், ஆனால் உங்கள் சொந்தக் கட்டளைகள் சிலவற்றை அது அடையாளம் காணாமல் முரண்டு பிடிக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்க வேண்டும். அவசரத்துக்கு, முக்கியமான சமன்பாடுகளுக்குப் பெயர் வைத்துவிடுங்கள், "சராசரி மதிப்புச் சமன்பாடு" என்பதுபோல. காதால் கேட்பவருக்கு 2.4 என்பதைவிட அதுதான் நினைவில் நிற்கும். டிக்ஸ் படங்களைத் தனியாக ஓட்டி எஸ்விஜி என்ற பட வடிவமாக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், மாற்றுரை நீங்கள்தான் எழுத வேண்டும்.

காதால்_படிப்பவன்

மாற்றுரை எழுதும்போது படம் எப்படித் தெரிகிறது என்பதைவிட, அந்தப் படத்தை எதற்காகப் போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள் சார். "ஒரு வளைவும் இரண்டு அச்சும்" என்றால் எனக்குப் பயனில்லை. "வளைவு இடப்பக்கத்திலிருந்து இறங்கி வந்து எக்ஸ் சமம் இரண்டில் மிகத் தாழ்ந்த புள்ளியைத் தொட்டு மறுபடி ஏறுகிறது, எக்ஸ் அச்சை ஒன்றிலும் மூன்றிலும் வெட்டுகிறது" என்றால் நானே மனசில் வரைந்துகொள்வேன். ஒரு முக்கியமான வரைபடத்துக்கு மட்டும் அட்டையில் நூலை ஒட்டிக் கொடுத்தால் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார், பத்து வாக்கியத்தில் சொல்ல முடியாதது அதில் சட்டென்று பிடிபடும்.

அட்டவணையில் முதல் வரிசையின் கட்டங்களைத் தலைப்புக் கட்டங்களாகக் குறிக்க வேண்டும், எச்டிஎம்எல்லில் அதற்குத் தனி டேக் இருக்கிறது. கட்டங்களை ஒன்றோடு ஒன்று இணைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் போகும்போது அதன் தலைப்பையும் சேர்த்தே சொல்லும். அந்த அத்தியாயத்தை இங்கே ஏற்றுங்கள், நானும் ஒருமுறை முழுக்கக் கேட்டு எங்கே இடறுகிறது என்று வரி எண்ணோடு எழுதித் தருகிறேன்.

நாஞ்சில்_கணக்கு

ஏற்றிவிட்டேன் தம்பி. இரண்டாம் அத்தியாயத்தில் அணிகள் வருகின்றன, அவற்றை அட்டவணையாக வைப்பதா மேத்எம்எல்லாகவே விடுவதா?

காதால்_படிப்பவன்

மேத்எம்எல்லாகவே விடுங்கள். "மூன்றுக்கு மூன்று அணி" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நிரை நிரையாக வாசிக்கும்.